மைக்ரோகண்ட்ரோலர் கற்கிறேன். சி மொழியில் பாயிண்டர் மட்டும் புரியவில்லை. அது இல்லாமல் சமாளிக்க முடியாதா?

கொஞ்ச நாள் சமாளிக்கலாம். நீங்களும் என்னைப் போல "இன்னொரு மாறியின் முகவரியை வைத்திருக்கும் மாறி" என்று இரண்டு மார்க்குக்கு மனப்பாடம் செய்தவராகத்தான் இருப்பீர்கள். அந்த வரி தப்பில்லை, ஆனால் அதை வைத்து ஒரு எல்இடியைக்கூட எரிய வைக்க முடியாது.

எனக்குப் புரிந்தது அர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில். 13ஆம் பின்னில் உள்ள எல்இடி, சிப்பில் போர்ட் பி என்ற பின் தொகுப்பின் 5ஆம் பிட். லைப்ரரியைத் தொடாமல் எரிய வைக்கிறேன் என்று ஒரு வீம்பு. அந்தப் பின்கள் உள்ளீடா வெளியீடா என்று சொல்வது டிடிஆர்பி, அவற்றை ஆன், ஆஃப் செய்வது போர்ட்பி. சிப்பின் டேட்டாஷீட்டில் டிடிஆர்பி-யின் முகவரி ஹெக்ஸில் (16 அடிமான எண்ணில்) 04, போர்ட்பி-க்கு 05 என்றிருந்தது. அந்த எண்களை பைட் பாயிண்டராக மாற்றி, முன்னால் நட்சத்திரக் குறி போட்டு ("அந்த முகவரியில் உள்ள இடம்" என்று அர்த்தம்) எழுதினேன். கம்பைல் ஆனது, எரியவில்லை. இரண்டு இரவு போராடி, போர்டே போச்சு என்று இன்னொன்று வாங்கினேன். அதுவும் எரியவில்லை.

மூன்றாம் நாள்தான் பார்த்தேன், அந்த 05-க்குப் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் 25. 05 என்பது இன், அவுட் என்ற அசெம்பிளி கட்டளைகளுக்கான எண். பாயிண்டர் வழியே போனால் ஹெக்ஸ் 20 கூட்ட வேண்டும். ஊனோவின் சிப்பான ஏடிமெகா 328பி-யில் முதல் 32 முகவரிகளும் (ஹெக்ஸ் 20 என்பது 32தான்) சிபியு கணக்குப் போட வைத்திருக்கும் சொந்த ரெஜிஸ்டர்கள். நான் இத்தனை நாளும் ஆர்5 ரெஜிஸ்டரில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்! 24, 25 என்று மாற்றியதும் எரிந்தது.

அவ்வளவுதான் பாயிண்டர். ஒரு எண், அந்த இடத்தில் எத்தனை பைட் எடுப்பது என்ற தகவல். எண் தப்பானால் கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் பெரும்பாலும் ப்ரோகிராமை நிறுத்திவிடும். இந்தச் சிப்பில் அப்படித் தடுக்க ஆள் கிடையாது, வேறெங்கோ எழுதிவிட்டுச் சும்மா இருக்கும். அப்புறம், பாயிண்டரை எழுதும்போது வோலடைல் என்ற சொல்லைப் போட மறக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அந்த இடத்தையே போய்ப் பார் என்று கம்பைலருக்குச் சொல்வது அதுதான். இல்லாவிட்டால் பட்டனை ஒருமுறை படித்த மதிப்பையே கம்பைலர் வைத்துக்கொள்ளக்கூடும்.

"போர்ட்பி என்று பெயரை எழுதினாலே போதுமே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். தெரியும் சார், நானும் வேலையில் அப்படித்தான் எழுதுகிறேன். ஹெடர் ஃபைலைத் திறந்து பாருங்கள், அந்தப் பெயருக்குப் பின்னால் இருப்பதும் இதே நட்சத்திரம்தான்.

இதெல்லாம் கல்லூரியிலேயே தெரிந்திருக்க வேண்டியது. எங்கள் லேபில் போர்டுகள் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டியே இருக்கும், இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குத்தான் வெளியே வரும். ரெக்கார்டு நோட்டுக்கு அட்டை போடவில்லை என்று என்னை வெளியே நிற்க வைத்திருக்கிறார்கள். எல்இடி எரிந்ததா என்று நான்கு வருடத்தில் ஒருத்தர் கேட்டதில்லை.