கேக் செர்ரி வேறு, இது வேறு

கேள்வி: மிச்சிகனில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது காய்ந்த புளிப்புச் செர்ரி ஒரு பாக்கெட் கொண்டு வந்தான். கேக்கில் போடும் செர்ரிதானா இது? எதற்குப் பயன்படுத்தலாம்? வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் உண்டு, அவர் தின்னலாமா அக்கா?
- ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: கேக் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது நம்மூரில் பெரும்பாலும் களாக்காய். கொட்டையெடுத்து, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறவைத்தது. உங்களிடம் இருப்பது அசல் செர்ரி, அநேகமாக மான்ட்மோரன்சி வகை. பாரிசுக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் பெயர் அது. அமெரிக்காவின் புளிப்புச் செர்ரியில் பாதிக்கு மேல் மிச்சிகனில்தான் விளைகிறது. ஜூலை மாதம் இயந்திரம் மரத்தைப் பிடித்து உலுக்கிப் பழத்தை உதிர்க்கும். பழம் மென்மையானது, சீக்கிரம் கெட்டுவிடும். அதனால்தான் உறையவைக்கிறார்கள், சாறெடுக்கிறார்கள், காயவைக்கிறார்கள்.

போன கிறிஸ்துமஸுக்கு எனக்கும் ஒரு பாக்கெட் கிடைத்தது. கேக்குக்கு ஊறவைத்த உலர்திராட்சையோடு ஒரு கைப்பிடி போட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புளிப்பு இனிப்புக்குள் அமுங்கிப்போனதில் எனக்கு வருத்தம். மீதியை வெந்நீரில் அரை மணி நேரம் போட்டேன். சுருங்கிக் கிடந்த பழம் உப்பி, தண்ணீர் சிவந்தது. நாலு காந்தாரி மிளகாய், ரெண்டு சின்ன உள்ளி, உப்பு சேர்த்து அம்மியில் சதைத்தேன். அவித்த மரச்சீனிக்குத் தொட்டுக்கொண்டோம். அப்புறம் கேக் பக்கம் அதைக் கொண்டுபோக மனசே வரவில்லை. நீங்களும் இப்படிச் செய்து பாருங்கள். கருப்பட்டி எதுவும் சேர்க்க வேண்டாம்.

ஏனென்றால் அதிலேயே சர்க்கரை இருக்கிறது. இந்தப் பழத்தின் புளிப்பு கடுமையானது என்பதால், காயவைக்கும் முன் பெரும்பாலும் சர்க்கரையோ ஆப்பிள் சாறோ சேர்த்துவிடுவார்கள். பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள். இனிப்பூட்டியதாக இருந்தால் 40 கிராமில், அதாவது ஒரு கைப்பிடியில், சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். ஆறு டீஸ்பூன்! செர்ரியில் நிறம் தரும் ஆந்தோசயனின், கொஞ்சம் வைட்டமின் ஏ, நார்ச்சத்து எல்லாம் உண்டு. அதற்காக உங்கள் வீட்டுக்காரர் கைப்பிடி கைப்பிடியாகத் தின்னக் கூடாது. சாப்பாட்டோடு நாலைந்து பழம் போதும், அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கம் வரும், மூட்டுவலி குறையும் என்பார்கள். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் சாற்றை வைத்து நடந்தவை. காய்ந்த பழத்தை மருந்தாக நம்பி மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

பிரித்த பாக்கெட்டை அப்படியே விடாமல் இறுக மூடும் பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். நம்மூர் ஈரக்காற்றுக்குச் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும்.