மலையேறும் பெரிய வண்டிகளின் இன்ஜின்கள்: கேள்வி பதில்

குன்னூரில் நெடுங்காலமாக டீசல் இன்ஜின்களைப் பழுது பார்த்து வருகிறேன். டொயோட்டா ஃபார்ச்சூனர், ஃபோர்டு எண்டெவர் வண்டிகளின் இன்ஜின்கள் பற்றி நம் நீலகிரி மலைக்காரர்கள் கேட்டவற்றுக்கு, கேட்டவரின் ஊர்ப் பெயரிட்டு, இங்கே பதில் எழுதுகிறேன்.

கோத்தகிரி: பழைய ஃபார்ச்சூனர் வாங்க எண்ணுகிறேன். எந்த இன்ஜின் நல்லது, ஐயா?

2009இல் இந்தியாவுக்கு வந்த 3.0 லிட்டர் டீசல் 171 குதிரைத்திறனும் 343 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் கொண்டது; நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே முழு இழுப்பும் வந்துவிடுவதால், தேயிலை மூட்டையுடன் தோட்டத்துப் பாதையில் ஏறினாலும் திணறாது. வாங்குமுன் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களின் சீல்களில் கசிவு உண்டா என்று பாருங்கள். இன்ஜின் வால்வுகளை இயக்குவதும் குறித்த காலத்தில் மாற்ற வேண்டியதுமான டைமிங் பெல்ட்டை மாற்றிய ரசீதையும் கேட்டு வாங்குங்கள். 2016இன் இறுதியில் வந்த 2.8 லிட்டர் இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதால் அந்தக் கவலை இல்லை. ஆட்டோமேட்டிக் கியருடன் அது முதலில் 450, 2021 முதல் 500 நியூட்டன் மீட்டர் தருகிறது. பணம் இடம் கொடுத்தால் 2.8ஐயே வாங்குங்கள். எதை வாங்கினாலும், இறக்கத்தில் நியூட்ரலில் விடாதீர்கள்.

கூடலூர்: என்னுடைய 2.7 பெட்ரோல் ஃபார்ச்சூனர் சமவெளியில் நன்றாக ஓடுகிறது, உதகையில் மட்டும் சோர்ந்து போகிறது. பழுதா?

பழுதில்லை. உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கு அளவே. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போ இல்லாத உங்கள் இன்ஜின் கிடைக்கும் காற்றை மட்டுமே உறிஞ்சுவதால், 166 குதிரைத்திறனில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வழியிலேயே குறைந்துவிடும். அதன் 245 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் 4,000 சுற்றில்தான் முழுமையாக வருகிறது. கியரைக் குறைத்து ஓட்டுங்கள்.

வெலிங்டன்: எண்டெவரில் பழைய 3.2 மேலா, 2020இல் வந்த 2.0 மேலா?

2.0 போதும். 170 குதிரைத்திறன், 420 நியூட்டன் மீட்டர், பத்து கியர்கள்.

அருவங்காடு: இதை ஏற்க முடியாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் 3.2ஐ ஓட்டியவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

அவசரமாக எழுதிவிட்டேன், நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வளைவில் சுற்று குறைந்து டர்போ ஓய்ந்திருக்கும் அந்த நொடியில் வண்டியை நகர்த்துவது இன்ஜினின் கொள்ளளவுதான் (3.2, 2.0 என்ற லிட்டர் கணக்கு). காற்று மெலிந்த உயரத்தில் டர்போ எழுவதற்கும் சற்றுக் கூடுதல் நேரமாகும். ஐந்து சிலிண்டருள்ள 3.2இன் 470 நியூட்டன் மீட்டர் 1,750 சுற்றில் வந்துவிடுகிறது, 2.0க்கு 2,000 சுற்று வேண்டும். ஆயினும், பத்து கியர்கள் நெருங்கி அமைந்திருப்பதால் 2.0 அந்தச் சுற்றை விரைவில் எட்டுகிறது என்பதை நானே ஓட்டிக் கண்டிருக்கிறேன். ஆள் நிறைந்த வண்டியுடன் கல்லட்டி ஏறுபவருக்கு 3.2, மேட்டுப்பாளையம் வரை போய் வருபவருக்கு 2.0 என்று என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்.

அருவங்காடு: இப்போது சரி, அண்ணா.

உதகை: 2.8 என்ன மைலேஜ் தரும்?

பாதையையும் ஓட்டுபவரையும் பொறுத்தது.

குன்னூர்: மைலேஜுக்காக இறக்கத்தில் நியூட்ரலில் விடலாமா?

முதல் பதிலிலேயே சொல்லியிருக்கிறேன், கூடாது. கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜினுக்கு டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலிலோ ஐடிலிங்குக்காக டீசல் எரிந்துகொண்டே இருக்கும். மிச்சம் ஏதும் இல்லை. இரண்டு டன்னுக்கு மேற்பட்ட எடை முழுவதும் பிரேக்கின் மீது விழுந்து, அது சூடேறிப் பிடிக்காமல் போகும். ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

கேத்தி: புதிய டீசல் வண்டியில் புகை வடிகட்டியின் விளக்கு அடிக்கடி எரிகிறது. கடைவீதிக்கு மட்டுமே எடுக்கிறேன்.

அதுதான் காரணம். வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர நீண்ட, சூடான ஓட்டம் வேண்டும். வாரம் ஒருமுறை மேட்டுப்பாளையம் இறங்கி, சமவெளிச் சாலையில் அரைமணி நேரம் சீரான வேகத்தில் ஓட்டித் திரும்புங்கள்.

மஞ்சூர்: மின்சார எஸ்.யூ.வி. மலைக்குச் சரிவருமா?

என் துறை அன்று. அதில் பயிற்சி பெற்றவரிடம் கேளுங்கள்.

பர்லியாறு: டர்போ வண்டி என்றால் இறக்கத்தில் நியூட்ரலில்...

கூடாது.