ராகு காலம் எத்தனை மணிக்கு?

கேள்வி: எங்கள் வீட்டில் டெய்லி காலண்டர் கிழிப்பது என் வேலை. அதில் திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை. மருமகளின் செல்போன் ஆப் இந்தத் தை மாதத் திங்களுக்கு 8.01 முதல் 9.27 வரை என்கிறது. அன்றைக்குப் புது ஸ்கூட்டர் எடுக்கிறோம். 9 மணிக்கு மேல் எடுக்கலாம் என்கிறேன் நான், 9.27 தாண்டட்டும் என்கிறாள் அவள். யார் சொல்வது சரி?
– வாசகி, பல்லாவரம்

பதில்: கணக்குப்படி மருமகள்தான் சரி. கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

சூரியன் உதித்து மறையும்வரை உள்ள பகலை எட்டுப் பங்காக்கினால், திங்கட்கிழமை இரண்டாவது பங்கு ராகுவுடையது. காலண்டர் அச்சடிப்பவர்கள், சூரியன் வருஷம் முழுக்க ஆறு மணிக்கு எழுந்து ஆறு மணிக்குப் படுப்பதாக வைத்துக்கொள்கிறார்கள். அதனால் பங்குக்கு ஒன்றரை மணி நேரம். தை மாதம் சென்னையில் சூரியன் வர 6.35 ஆகிவிடுகிறது. ஆப் அதை வைத்துக் கணக்குப் போடுகிறது. ஆனி மாதம் அதே ஆப்பைப் பாருங்கள், திங்கட்கிழமை 7.20-க்கே ராகு வந்து நிற்பார். கோயம்புத்தூரில் சொந்தக்காரர் இருந்தால் அவர்களுக்குப் பத்து நிமிஷம் போலத் தள்ளும்.

கடிகாரம் மட்டும் என்ன ஒழுங்கு? 1906 ஜனவரி 1-இல் இந்தியாவுக்கெல்லாம் ஒரே நேரம் என்று 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து முடிவு செய்தார்கள். அதற்கு முன் மெட்ராஸுக்குத் தனி நேரம் இருந்தது, இப்போதையதைவிட ஒன்பது நிமிஷம் பின்னால். மாற்றும்போது ராகுவை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

ஆனாலும் என் ஓட்டு உங்கள் காலண்டருக்குத்தான். எனக்கு ராகு காலத்தில் பெரிய நம்பிக்கை கிடையாது, அது வேறு விஷயம். எங்கள் அம்மா அடுப்படி வாசலில் நின்று விரல் மடக்கிச் சொல்வார்: "திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா." தி என்றால் திங்கள், ஏழரை. ச என்றால் சனி, ஒன்பது. இப்படி வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய் என்று விரலுக்கு ஒன்றரை மணி கூட்டிக்கொண்டே போனால் ஞாயிறு நாலரையில் வந்து முடியும். படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் இந்த ஒரு வரி போதும். சூரியன் ஆறு மணிக்கு உதிக்கிறது என்று ஒரு பொய்யை ஒத்துக்கொண்டதால்தான் அது விரலில் அடங்குகிறது. 8.01, 9.27 என்பதையெல்லாம் எந்தப் பாட்டில் அடக்குவது?

போன வருஷம் ஒரு வியாழக்கிழமை எங்கள் வீட்டு நிச்சயதார்த்தம். தரைக்குக் கீழே ஹால், சிக்னல் சுத்தமாக இல்லை. தட்டு மாற்றலாமா என்று கேட்டதும் நான் உட்பட ஐந்து பேர் செல்போனைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினோம். நாங்கள் திரும்புவதற்குள் பெரியம்மா ஐந்தாவது விரலை மடக்கிவிட்டார். "ஒன்றரை டு மூணு. இப்போ பன்னிரண்டுதானே? மாத்துங்கோ." தட்டும் கை மாறிவிட்டது.

சரி, ஸ்கூட்டருக்கு வருவோம். 9.30-க்கு எடுங்கள், இரண்டு பேருக்கும் ஒத்துவரும். பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிக்கிறது. பேப்பரில் கையெழுத்து வாங்கியே நேரத்தை இழுத்துவிடப் போகிறார்கள், ஷோரூமில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.