1893: பூட்டிய வங்கியெல்லாம் திவாலான வங்கி இல்லை

அமெரிக்காவில் 1893இல் வந்த நிதிப் பீதியின்போது சிற்றூர் வங்கிகள் கதவடைத்ததைப் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: நியூயார்க்கில் ஒரு கம்பெனி விழுந்தால் கான்சாஸ் பக்கத்துச் சின்ன வங்கி ஏன் மூட வேண்டும்?

பதில்: அதன் பணம் நியூயார்க்கில் இருந்ததுதான் காரணம். அன்றைய தேசிய வங்கிச் சட்டப்படி, சிற்றூர் வங்கி 100 டாலர் டெபாசிட் வாங்கினால் 15 டாலரைக் கையிருப்பாக வைக்க வேண்டும். அதிலும் 9 டாலர் வரை பெருநகர வங்கியில் போட்டுவைக்கலாம், வட்டி கிடைக்கும். ஆக, உள்ளூர்ப் பெட்டகத்தில் 6 டாலர் இருந்தால் சட்டத்துக்குப் போதும்! பெருநகர வங்கிகளோ அந்தப் பணத்தைப் பங்குச் சந்தைத் தரகர்களுக்குக் கடன் கொடுத்தன. ஊரில் விவசாயிக்குக் கொடுத்த கடன் அறுவடைக்குப் பிறகுதான் திரும்பும்.

பிப்ரவரியில் பிலடெல்பியா அண்டு ரீடிங் ரயில்வே திவாலானது. மே மாதம் நேஷனல் கார்டேஜ் என்ற கயிறு கம்பெனி விழுந்தது. கோடையில் மேற்கிலும் தெற்கிலும் மக்கள் டெபாசிட்டை எடுக்கத் திரண்டார்கள். ஊர் வங்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் நியூயார்க்கிடம் கேட்டன. ஆகஸ்டில் அங்கேயும் ரொக்கத்தை இறுக்கிப் பிடித்துவிட்டார்கள். அப்புறம் ஊர் வங்கிக்காரர் என்ன செய்வார்? அவரை வில்லனாக எழுதும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: கதவை அடைத்தாலே திவால்தானே?

பதில்: இல்லை. சொத்தைவிடக் கடன் அதிகமானால் திவால். சொத்து இருந்தும் இன்றைக்கு எடுத்துக் கொடுக்க ரொக்கம் இல்லாவிட்டால், அது நிறுத்திவைப்பு. 1893 அக்டோபரோடு முடிந்த ஓராண்டில் மூடிய 158 தேசிய வங்கிகளில் (மத்திய அரசின் உரிமம் பெற்ற தனியார் வங்கிகள்) 86 மறுபடி திறந்தன.

கேள்வி: டெபாசிட் காப்பீடு இருந்ததா?

பதில்: தேசிய அளவில் கிடையாது. அது 1934 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது.

கேள்வி: இந்தியாவுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு. அதுவரை யார் வேண்டுமானாலும் வெள்ளியைக் கொண்டுபோய் இந்திய நாணயச்சாலையில் கொடுத்து ரூபாயாக அடித்து வாங்கலாம். 1893 ஜூன் 26 அன்று பிரிட்டிஷ் இந்திய அரசு அதை நிறுத்தியது. வெள்ளி விலை சரிந்தது, அமெரிக்காவின் கொலராடோவில் வெள்ளிச் சுரங்கங்கள் மூடின. ஜூலை நடுவில் அதன் தலைநகர் டென்வரில் மூன்றே நாளில் பத்துக்கும் மேற்பட்ட வங்கிகள் கதவடைத்தன.

கேள்வி: பணமே இல்லாத ஊரில் கூலி எப்படிக் கொடுத்தார்கள்?

பதில்: காகிதத்தில்தான். தென்கிழக்கு ஊர்களில் வங்கிகள் சேர்ந்து சிறு தொகைக்கான கிளியரிங் ஹவுஸ் சான்றிதழ்களை, அதாவது ரொக்கத்துக்குப் பதிலாகப் புழங்கும் பொறுப்புச் சீட்டுகளை, வெளியிட்டன. சில முதலாளிகள் சம்பளத்தைச் சிறுசிறு காசோலைகளாகக் கொடுத்தார்கள். உள்ளூர்க் கடைக்காரர் வாங்கிக்கொண்டால் அன்றைய சாப்பாடு நடக்கும். நியூயார்க்கிலோ அந்த ஆகஸ்டில் காசோலை கொடுத்து ரொக்கம் வாங்க 4 சதவீதம் வரை கூடுதல் விலை கொடுக்க வேண்டியிருந்தது.