மாலை போட்ட பையன் – கடிதம்

வணக்கம் மேடம்,

சென்னையில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டாம் வகுப்புக்குக் கிளாஸ் டீச்சராக இருக்கிறேன். கார்த்திகை முதல் தேதி என் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவோடு சேர்ந்து சபரிமலைக்கு மாலை போட்டான். மறுநாள் கழுத்தில் துளசி மணி, வெறுங்கால், யூனிஃபார்ம் பேன்ட்டுக்கு மேலே கறுப்புச் சட்டை. பி.டி. மாஸ்டர் பிரேயரில் அவனை வரிசையிலிருந்து வெளியே அழைத்து, இரண்டு பீரியட் மைதானத்து ஓரத்தில் நிற்க வைத்துவிட்டார். அடுத்த நாள் அவனுடைய அப்பா வந்து, "அந்தப் பொண்ணு மட்டும் தலையில முக்காடு போட்டுக்கிட்டு வரலாமா?" என்று என் வகுப்பு மாணவி ஒருத்தியைக் காட்டிச் சத்தம் போட்டார். அந்தப் பெண் அன்று முழுக்கத் தலை நிமிரவில்லை. ஒருவனுக்கு விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள், ஒழுங்கு போய்விடும் என்கிறார் எச்.எம். அவர் சொல்வது சரியென்றுதான் படுகிறது. ஆனால் மனசு ஒப்பவில்லை. யூனிஃபார்ம் என்பதே எல்லோரும் ஒன்று என்று காட்டத்தானே?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை.)

அன்புள்ள டீச்சர்,

மனசு ஒப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் நான் பிடித்துக்கொள்வது அந்த வரியைத்தான்.

நான் வடசென்னையில் படித்தவள். ஏழாம் வகுப்பில் ஒரு தீபாவளிக்கு அம்மா மருதாணி அரைத்து இரண்டு கையிலும் வைத்துவிட்டார். நன்றாகச் சிவந்திருந்தது. லீவு முடிந்து பள்ளிக்குப் போன அன்று டீச்சர் கையை நீட்டச் சொன்னார். ஸ்கேலைச் செங்குத்தாகப் பிடித்துப் புறங்கையில் நாலு அடி. "நாளைக்கு இது இருக்கக் கூடாது." மருதாணி ஒரு நாளில் போகுமா? அன்று இரவு துணி சோப்பு போட்டுத் தேய்த்தேன், எலுமிச்சம்பழத்தை வைத்துத் தேய்த்தேன். அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். அதன் பிறகு பள்ளி முடியும் வரை எனக்கு அவர் மருதாணி வைக்கவில்லை. அடி வலித்தது இரண்டு நாள். அம்மா வீட்டில் ஆசையாகச் செய்த ஒரு காரியம் பள்ளிக்கூடத்தில் குற்றமாகிவிட்டது என்பதை இன்றும் மறக்க முடியவில்லை.

அதனால் உங்கள் மாணவனைப் பற்றி நடுவில் நின்று பேச என்னால் முடியாது. அவன் நேரத்துக்கு வந்தான், வரிசையில் நின்றான், யாரையும் சீண்டவில்லை. கார்த்திகை மழையில் சொதசொதவென்று கிடக்கும் மைதானத்தில், மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியே பார்க்க, வெறுங்காலோடு இரண்டு பீரியட் நின்றான். அந்த இரண்டு பீரியட் பாடம் அவனுக்குப் போனது. ஒழுங்கு என்று ஒன்று அங்கே கெட்டது என்றால் அப்போதுதான் கெட்டது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அடியோடு சேர்த்து மன உளைச்சல் தருவதையும் தடுக்கிறது. பி.டி. மாஸ்டர் கெட்டவர் என்று சொல்லவில்லை. நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வரிசையில் நிற்க வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். ஆனால் விதிமீறலையும் வித்தியாசத்தையும் ஒன்றாகப் பார்க்கும் பழக்கம் நம் பள்ளிகளில் ஊறிப்போயிருக்கிறது.

இதற்குச் சரியான உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. 1985-ல் கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதம் ஒலிக்கும்போது அவர்கள் மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். அவர்கள் நம்பிக்கை அதற்கு இடம் தரவில்லை. உயர் நீதிமன்றம் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டியின் அமர்வு, அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. நம் மரபு சகிப்பைச் சொல்லித் தருகிறது, அதை நீர்த்துப்போக விடவேண்டாம் என்று அந்தத் தீர்ப்பு முடிகிறது. தேசிய கீதத்துக்கே அந்த இடம் உண்டு என்றால் ஒரு ஜோடி ஷூவுக்கு இல்லையா?

யூனிஃபார்ம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காமராசர் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்குச் சீருடை கொடுத்ததே, கிழிந்த சட்டைக்காரன் பட்டுப்பாவாடைக்காரியின் பக்கத்தில் கூசாமல் உட்காரவேண்டும் என்பதற்காகத்தான். கூச்சத்தைப் போக்க வந்த துணி அது. அதையே காட்டி ஒரு பையனைக் கூசிப்போக வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இப்போது அந்த அப்பா. அவர் கோபம் நியாயம், விரல் நீட்டிய இடம்தான் தப்பு. பாருங்கள், விதி தொட்டது ஒரு பிள்ளையை, காயம் பட்டது இரண்டு பிள்ளைகளுக்கு. கர்நாடகத்தில் 2022-ல் இதுதான் மாநிலம் முழுக்க நடந்தது. ஒரு பக்கம் முக்காடு, மறுபக்கம் காவித் துண்டு, நடுவில் பூட்டிய கேட். வகுப்பில் முக்காட்டுக்குப் போட்ட தடையை உயர் நீதிமன்றம் ஏற்றது. அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அதில் நீதிபதி துலியா கேட்ட கேள்வி எனக்கு முக்கியம்: முக்காடு போட்டிருக்கிறாள் என்பதற்காகப் படிப்பை மறுப்பதால் அந்தப் பெண்ணின் வாழ்க்கையை நாம் மேம்படுத்துகிறோமா? அந்த அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். உங்கள் மகன் மாலையோடு வரட்டும், அந்தப் பெண்ணும் முக்காட்டோடு வரட்டும், இருவருக்கும் ஒரே பதில்தான் என்று சொல்லுங்கள். மாலை போட்டவர் அவர். வேறொரு வீட்டுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னால் கேட்பார் என்றே நினைக்கிறேன்.

அப்படியென்றால் எல்லைக் கோடே இல்லையா? உண்டு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தங்கைக்கும் வெட்டு விழுந்தது. அதன்பின் அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தபோது, கலர் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி மூன்றும் பள்ளியில் வேண்டாம் என்றது. சாதிக் கயிறு விஷயத்தில் முழுக்க உடன்படுகிறேன். அந்தக் கயிறு அடுத்த பையனைப் பார்த்து "நீ யார்?" என்று மிரட்டுவதற்கென்றே கட்டப்படுகிறது. ஆனால் பாட்டி பூசிவிட்ட திருநீறையும் அதே பட்டியலில் வைப்பதை ஏற்க முடியவில்லை. நெற்றிக் குறி சாதி அடையாளமாக மாறும் இடத்தில் தலைமையாசிரியர் தலையிடட்டும். அதற்காக எல்லா நெற்றியையும் துடைக்க வேண்டுமா?

அப்புறம், பிள்ளையின் கழுத்தில் இருப்பதைவிட மைக்கில் ஒலிப்பதைத்தான் நாம் அதிகம் கவனிக்க வேண்டும். 2024-ல் சென்னை அரசுப் பள்ளி ஒன்றில் தன்னம்பிக்கைப் பேச்சு என்று வந்தவர், முற்பிறவிப் பாவத்தால்தான் சிலர் ஊனத்தோடு பிறக்கிறார்கள் என்ற பொருள்படப் பேசினார். எழுந்து எதிர்த்துக் கேட்டவர் பார்வையற்ற ஓர் ஆசிரியர். மேடையில் பேசுகிறவருக்குப் பள்ளியின் அதிகாரம் இருக்கிறது. மாலை போட்ட பையனுக்கு அப்படி எதுவும் கிடையாது. உங்கள் பள்ளியில் காலையில் ஏதாவது ஒரு மதத்தின் பிரார்த்தனை நடந்தால், அரசியலமைப்பின் 28(3) பிரிவை எச்.எம்.முக்குக் காட்டுங்கள். உதவி பெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் அதில் கலந்துகொள்ள வைக்க முடியாது. விதி என்று பேசுகிறவர்கள் அந்த விதியையும் பேசட்டும்.

விரதம் மொத்தம் 41 நாள், அதிகம் போனால் 48. யூனிஃபார்ம் சட்டையே போட்டுக்கொண்டு கறுப்புத் துண்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்று அவனையே கேளுங்கள், சம்மதிப்பான். விளையாட்டுப் பீரியடில் வெறுங்காலோடு கபடி ஆடலாம். சயின்ஸ் லேபில் அமிலம் எடுக்கும் நாளில் மட்டும் மேசையை விட்டுத் தள்ளி நிற்கட்டும், ஏன் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள். அந்த இரண்டு பீரியடில் நடந்த பாடத்தையும் யாராவது அவனுக்குச் சொல்லித் தர வேண்டும்.