ஐ3-8100-ஆ, ரைசன் 3 2200ஜி-ஆ? பழைய கணினி வாங்கும் முன்

பட்டர்வொர்த்தில் வீட்டிலிருந்தபடியே விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: படிவம் 4 படிக்கும் மகனுக்கும் தம்முடைய வியாபாரக் கணக்குக்கும் பொதுவாக ஒரு பழைய மேசைக் கணினி வாங்க வேண்டும். ஜார்ஜ்டவுனில் இரண்டு பெட்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்றில் இன்டெல் கோர் ஐ3-8100 செயலியும் (கணினியின் மூளையான சிப்) எச்310 மதர்போர்டும் (பாகங்களெல்லாம் பொருந்தும் பலகை) இருக்கின்றன. விலை 520 ரிங்கிட். மற்றொன்றில் ஏஎம்டி ரைசன் 3 2200ஜி செயலியும் பி450 மதர்போர்டும் இருக்கின்றன. விலை 450 ரிங்கிட். இரண்டிலும் 8 ஜிபி ரேம் ஒரே குச்சியாக உள்ளது, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை. மகன் ரைசனைக் கேட்கிறான், கடைக்காரர் இன்டெல்லைத் தள்ளிவிடப் பார்க்கிறார், எதை எடுப்பது என்பது அவருடைய கேள்வி.

வங்கிக் கணக்கைத் திறக்கும் கணினியும் மகன் விளையாடும் கணினியும் ஒன்றேயென்றால், 70 ரிங்கிட் கூடுதலாகக் கொடுத்து ஐ3-8100-ஐ எடுப்பதே சரி. ஆனால், அதற்குக் காரணம் வேகம் அன்று.

வேகத்தில் இவ்விரண்டும் ஏறத்தாழ ஒரே தட்டில் நிற்பவை. ஐ3-8100 2017 அக்டோபரில் வந்தது, 2200ஜி 2018 பிப்ரவரியில் வந்தது. இரண்டிலும் நான்கு கோர்கள் (வேலை செய்யும் மையங்கள்), நான்கு திரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள்), 65 வாட் வெப்ப அளவு. அதற்கு முந்தைய தலைமுறை வரை ஐ3 என்றாலே இரண்டு கோர்தான். ரைசன் சந்தைக்கு வந்து நெருக்கிய ஆண்டில்தான் இன்டெல் அதை நான்காக்கியது. ஐ3 அதிகபட்சம் 3.6 ஜிகாஹெர்ட்ஸில் ஓடும், டர்போ (தேவைப்படும்போது தானே வேகம் கூட்டும் வசதி) கிடையாது, ரைசன் 3.5-இல் தொடங்கி 3.7 வரை ஏறும். எண்ணை மட்டும் பார்த்தால் ரைசன் முந்துவதுபோல் தோன்றும், ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் முடிக்கும் வேலையின் அளவில் அன்றைய இன்டெல் சற்று மேலே இருந்தது. மூன்றாம் நிலை கேஷும் (செயலிக்குள்ளேயே இருக்கும் சிறு நினைவகம்) அதில் 6 எம்பி, ரைசனில் 4 எம்பி. எக்செல் கணக்கிலும் பிரவுசரிலும் ஐ3 ஓரளவு சுறுசுறுப்பாகத் தெரியலாம். பத்து டேப்களைத் திறந்துவைத்து வேலை செய்பவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. எஸ்எஸ்டி இருக்கிறதா, பழைய ஹார்ட் டிஸ்க் இருக்கிறதா என்பதுதான் கண்ணில் படும்.

கிராபிக்ஸில் கதை மாறுகிறது. 2200ஜி-க்குள் இருக்கும் வேகா 8 என்ற கிராபிக்ஸ் பகுதி, ஐ3-க்குள் இருக்கும் யூஎச்டி 630-ஐ விளையாட்டில் வெகுதூரம் பின்தள்ளிவிடும். மகன் கேட்பது நியாயம்தான். ஆனால் வேகா 8-க்குச் சொந்த நினைவகம் இல்லை. கணினியின் ரேமைத்தான் கடன் வாங்குகிறது. ஆகவே 8 ஜிபியில் ஒரு பங்கு அதற்குப் போய்விடுவதோடு, ரேமின் வேகமே அதன் வேகத்துக்கு வரம்பாகிறது. 2400 வேகமுள்ள டிடிஆர்4 குச்சி ஒன்று மட்டும் இருந்தால் நொடிக்கு 19.2 ஜிபி அளவுக்குத்தான் தரவு நகரும்; அதே வகையில் இரண்டு குச்சிகளைப் போட்டால் அது 38.4 ஜிபி ஆகிறது. ஒற்றைக் குச்சியோடு விற்கப்படும் 2200ஜி என்பது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவனைப் போன்றது. எனவே அந்த 450 ரிங்கிட் பெட்டியின் உண்மையான விலை, இன்னொரு 8 ஜிபி குச்சியின் விலையையும் சேர்த்தது. இதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த 70 ரிங்கிட் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். ஐ3-க்கும் இரண்டாவது குச்சி நல்லதுதான், ஆனால் அங்கே அது அவசரமில்லை, அடுத்த மாதம் போடலாம். மகன் விளையாடுவது வாலரன்ட், ரோப்லாக்ஸ் அளவில் என்றால் யூஎச்டி 630-இலும் தரத்தைக் குறைத்து வைத்து ஓட்டலாம். அதற்கு மேலான ஆசை வந்தால், தனி மின்இணைப்பு கேட்காத ஜிடிஎக்ஸ் 1050 டிஐ போன்ற ஒரு பழைய கார்டைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் இன்டெல் பக்கம் சாய்வதற்குக் காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட செயலிப் பட்டியலில் இன்டெல்லின் எட்டாம் தலைமுறையிலிருந்து இடம் உண்டு. ஐ3-8100 மயிரிழையில் உள்ளே வந்துவிட்டது. 2200ஜி பெயரில் 2000 வரிசை என்றாலும் உள்ளே இருப்பது ஏஎம்டியின் முதல் தலைமுறை ஜென் வடிவமைப்பு, அதனால் அது பட்டியலில் இல்லை. ‘எங்கள் கடையில் 2200ஜி-யிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோமே’ என்று சொல்வார்கள். சொல்வது பொய்யில்லை, விண்டோஸ் 11 செய்யும் தகுதிச் சோதனையைத் தாண்டி நிறுவ வழிகள் உண்டு, ஓடவும் ஓடும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் வந்துகொண்டே இருக்கும் என்பதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தரவில்லை. மகனுடைய கணினி மட்டும் என்றால் நானும் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன்; வாடிக்கையாளர் கொடுத்த முன்பணம் வந்து விழும் வங்கிக் கணக்கை அதில் திறக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ரைசன் பக்கம் ஒரு நியாயம் மிச்சமிருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. பி450 மதர்போர்டின் ஏஎம்4 சாக்கெட்டில் (செயலி அமரும் இடம்), மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்த பிறகு, ரைசன் 5 5600ஜி போன்ற செயலியைப் பொருத்தலாம். அது ஆறு கோர் செயலி, விண்டோஸ் 11 பட்டியலிலும் உள்ளது. எச்310-இலும் ஐ5-9400 போன்ற ஆறு கோர் செயலியைப் போடலாம் என்றாலும், அந்தச் சாலை ஒன்பதாம் தலைமுறையோடு முடிந்துவிடுகிறது. ஆகவே ஓராண்டுக்குள் செயலியை மாற்றக் கையில் பணம் வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால் ரைசன் பெட்டியை எடுங்கள். மாற்றும்போது, பழைய செயலி இருக்கும்போதே பயாஸைப் புதுப்பித்துவிட வேண்டும். கழற்றிய பிறகு நினைவு வந்தால் புதிய செயலியைப் போர்டுக்கு அடையாளம் தெரியாமல் போகலாம்.

கடைக்காரர் செயலியின் மூடியில் உள்ள ‘மலாய்’ என்ற எழுத்தைக் காட்டி, ‘இது நம்ம ஊர்ச் சரக்கு, உழைக்கும்’ என்று சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். பெருமைப்படலாம், தவறில்லை: இன்டெல் 1972-இல் பினாங்கில் தன் ஆலையைத் தொடங்கியது, ஏஎம்டியும் அதே ஆண்டில் பினாங்கின் பாயான் லெப்பாஸுக்கு வந்தது. ஆனால் அந்த எழுத்து, செயலி எங்கே பொருத்திச் சோதிக்கப்பட்டது என்பதைத்தான் சொல்கிறது. வேறு நாட்டின் பெயர் பொறித்த அதே ஐ3-8100-உம் இதே வேகத்தில்தான் ஓடும். அதற்காக ஒரு ரிங்கிட்கூடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

பணம் கொடுக்கும் முன் பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நம் ஊர் வெக்கையில் ஏழெட்டு ஆண்டு ஓடிய கணினியில் காற்றாடியின் மேல் தூசி போர்வைபோல் படிந்திருப்பதும், பவர் சப்ளையின் மூலையில் பல்லி முட்டை கிடப்பதும் எனக்குப் பழகிய காட்சிகள், அவற்றைத் துடைத்துவிடலாம். சாக்கெட்டில் வரும் கோளாறைத் துடைக்க முடியாது. இன்டெல்லில் ஊசிகள் மதர்போர்டில் இருக்கின்றன, ஏஎம்4-இல் செயலியின் அடியில் இருக்கின்றன. ஒருமுறை 2200ஜி ஒன்றின் கூலரை நேராக மேலே இழுத்தபோது, இரண்டுக்கும் நடுவே பூசிய, காய்ந்துபோன பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு செயலியும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று ஊசிகள் வளைந்திருந்தன. மெக்கானிக்கல் பென்சிலின் வெற்று முனையை ஒவ்வொன்றின் மேலும் செருகி நிமிர்த்த எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போனது. அதிலிருந்து கணினியைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அணைத்து, பேஸ்ட் இளகியிருக்கும்போதே கூலரை இடமும் வலமுமாகத் திருகித்தான் எடுக்கிறேன். கடைப் பையன் உங்கள் முன்னால் அதை வெடுக்கென்று இழுக்கப் போனால் தடுத்துவிடுங்கள்.

பிறகு கணினியை இயக்கி, டாஸ்க் மேனேஜரில் செயலியின் முழுப் பெயரைப் படியுங்கள். ‘ஐ3’ என்று மட்டும் சொல்லி, இரண்டே கோர் உள்ள 7100-ஐத் தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. அது விண்டோஸ் 11 பட்டியலிலும் இல்லை. 8100 என்று உறுதியானால், பயாஸுக்குள் போய், விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம்மை இயக்கித் தரச் சொல்லுங்கள். இன்டெல் போர்டுகளில் அது பெரும்பாலும் பிடிடி என்ற பெயரில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். மைக்ரோசாஃப்டின் பிசி ஹெல்த் செக் என்ற மென்பொருள் ‘தகுதியுடையது’ என்று காட்டிய பிறகு 520 ரிங்கிட்டை எடுத்து நீட்டலாம்.