அரண்மனை இல்லாத அரண்மனைக்காரன் தெரு

கேள்வி: சென்னை பாரிமுனைக்கு அருகில் அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைகளில் சென்று வருகிறேன். இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்தால் ஒதுங்க இடமில்லாத அந்தத் தெருவில் எந்த அரசருடைய அரண்மனை இருந்தது?
– ஒரு வாசகி, செங்கல்பட்டு

பதில்: அந்தத் தெருவில் எந்த அரசரும் வாழ்ந்ததில்லை. மேற்கு ஆசியாவிலுள்ள ஆர்மேனியா நாட்டவரைக் குறிக்கும் 'ஆர்மேனியன்' என்ற சொல்லைக் கேட்ட நம் முன்னோர், தமக்குப் பழக்கமான 'அரண்மனைக்காரன்' என்ற சொல்லாக அதை மாற்றிக்கொண்டார்கள். ஹாமில்டன் வாராவதி 'அம்பட்டன் வாராவதி' ஆன கதையை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். இதுவும் அதே வகையைச் சேர்ந்தது. நாவுக்கு இசைவான இந்தப் பெயர் அழகாகவே இருக்கிறது. ஆனால் அது நிலைத்ததால், தெருவுக்குத் தம் பெயரைத் தந்தவர்கள் நம் நினைவிலிருந்து மறைந்துபோனார்கள் என்பதே எனக்குள்ள வருத்தம்.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜுல்ஃபா என்னும் ஊரிலிருந்த ஆர்மேனியர்களைப் பெயர்த்து, இஸ்ஃபஹான் நகருக்கு அருகே குடியேற்றினார். பட்டும் மணிக்கற்களும் துணியும் விற்று வாங்கியபடி அங்கிருந்து கடல் கடந்து பரவிய வணிகக் குடும்பங்களில் சில சென்னைக்கும் வந்தன. 1688-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. தன் ஆளுகைக்கு உட்பட்ட ஊர் எதிலாவது நாற்பது ஆர்மேனியர்கள் குடியிருந்தால், அவர்கள் வழிபடுவதற்கு இடம் கொடுத்துத் தேவாலயமும் கட்டித் தருவதாக அதில் ஒப்புக்கொண்டது.

சென்னையில் அவர்களுடைய தேவாலயம் முதன்முதலில் எழுந்தது 1712-இல். 1746 முதல் 1749 வரை நகரம் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்தபோதும், அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஆங்கிலேயர் ஆட்சியிலும், பகைவர் மறைந்து தாக்க இடம் இருக்கக்கூடாது என்பதற்காகக் கோட்டையின் வடசுவரை ஒட்டியிருந்த பழைய கறுப்பர் நகரம் இடித்துத் தள்ளப்பட்டது. இன்று உயர் நீதிமன்றம் நிற்பது அந்தப் பகுதியில்தான். அதன் பிறகு மக்கள் வடக்கே நகர்ந்து குடியேறிய புதிய ஊர்தான் 1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் பெயரைப் பெற்று ஜார்ஜ் டவுன் ஆயிற்று. நீங்கள் நடந்து செல்லும் தெருவில் இன்றும் நிற்கும் ஆர்மேனியத் தேவாலயம் 1772-இல் கட்டப்பட்டது.

சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தை 1726-இல் தம் பணத்தில் கட்டிக்கொடுத்த பெட்ரஸ் உஸ்கானும் ஓர் ஆர்மேனிய வணிகரே. பரங்கிமலை ஏறுவதற்குப் படிகள் அமைத்தவரும் அவர்தான். பழைய பாலம் இருந்த இடத்தில் இப்போது மறைமலை அடிகள் பாலம் இருக்கிறது.

கேள்வி: உலகின் முதல் ஆர்மேனிய இதழ் சென்னையில் அச்சானது என்று ஒருவர் கூறினார். நம்பலாமா?
– ஒரு வாசகர், திருவள்ளூர்

பதில்: முழுமையாக நம்பலாம். ஷாமிர் ஷாமிரியன் என்ற செல்வந்தர் 1772-ஆம் ஆண்டளவில் இங்கே ஆர்மேனிய அச்சகம் ஒன்றை நிறுவினார். சொந்த நாட்டில் ஆட்சியை இழந்திருந்த தம் மக்களுக்கு, என்றாவது விடுதலை கிடைத்தால் நாட்டை எப்படி நடத்த வேண்டும் என்று வகுத்துரைக்கும் நூல் ஒன்று அந்த அச்சகத்திலிருந்து வெளிவந்தது என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

இதழை நடத்தியவர் அருத்தியூன் ஷ்மாவோனியன் என்னும் பாதிரியார். ஷிராஸ் நகரில் பிறந்த அவர், இரண்டு மகன்களை ஒரே வாரத்தில் பறிகொடுத்த துயரத்துக்குப் பின் சென்னைக்கு வந்து, இங்குள்ள தேவாலயத்தில் பணியாற்றினார். 'அஸ்தரார்' என்ற அந்த மாத இதழ் 1794 அக்டோபரில் தொடங்கி 1796 வரை வந்தது. ஊர் ஊராகச் சிதறிக் கிடந்த ஒரு மக்கள் கூட்டம் தம் மொழியில் செய்தி படிப்பதற்கு அதற்கு முன் இதழ் என்று ஒன்றுமே இருந்ததில்லை. 1824-இல் மறைந்த பாதிரியாரின் கல்லறை ஆர்மேனியத் தேவாலய வளாகத்திலேயே இருக்கிறது. சென்னையில் இன்று ஆர்மேனியர்கள் அநேகமாக இல்லை. கொல்கத்தாவிலுள்ள ஆர்மேனியச் சபையினர்தான் அந்த வளாகத்தைப் பராமரித்து வருகிறார்கள்.

செங்கல்பட்டு வாசகிக்கு ஒரு சொல்: அடுத்த செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலிலிருந்து திரும்பும்போது, அதே தெருவில் உள்ள அந்த வளாகத்துக்குள்ளும் சற்று நேரம் சென்று பாருங்கள். நடைபாதையில் காலடியிலேயே கல்லறைக் கற்கள் பதிந்திருக்கும். பார்த்து நடக்க வேண்டும்.